முட்டிக்குக் கீழே ஒரு மேடு

ஜூலை, ஆகஸ்ட் வந்துவிட்டால் பள்ளிகளில் குறுவட்டப் போட்டிகளுக்கான பரபரப்பு தொடங்கிவிடும். ஆரணி, சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று தறிச் சத்தம் கேட்கும் ஊர்களில் அந்த நாட்களில் பல வீடுகளில் நடக்கும் பேச்சு ஒன்று உண்டு. எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும் பையன், கபடி அணியில் இருப்பவன், சாயங்காலம் நொண்டிக்கொண்டே வீட்டுக்குள் நுழைவான்.

"எங்கடா விழுந்த?"

"விழலம்மா. குதிச்சா வலிக்குது. படி ஏறினா வலிக்குது."

கால்சட்டையை ஏற்றிவிட்டுப் பார்த்தால், முட்டிச் சில்லுக்கு இரண்டு விரல் கீழே, எலும்பின் மேலேயே ஒரு மேடு. சிராய்ப்பு கிடையாது, ரத்தக்கட்டு கிடையாது. விரலால் அமுக்கினால் பையன் துள்ளுகிறான். அப்பா தறிக்குழியை விட்டு ஏறி வந்து பார்ப்பார். பாட்டி விளக்கெண்ணெயைச் சூடுபண்ணித் தடவச் சொல்வார். பக்கத்து வீட்டு அக்கா, "ஏதாச்சும் கட்டியா இருக்கப் போகுது, அசட்டையா இருக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்தச் சொல்லுக்குப் பிறகு அன்றிரவு யாருக்கும் தூக்கம் வராது. மறுநாள் காலையில் முதல் உத்தரவு: "இனிமே கபடி கிபடின்னு போனா காலை ஒடிச்சிடுவேன்."

இந்த மேட்டைப் பற்றி நிதானமாக யோசித்தால் சில கேள்விகள் எழும். அடியே படாத எலும்பு ஏன் வீங்க வேண்டும்? உடம்பில் எத்தனையோ எலும்பு இருக்க, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏன் சரியாக அதே இடத்தில்? பத்து வயதில் இதே பையன் தெருவெல்லாம் ஓடினானே, அப்போது ஏன் வரவில்லை? இருபது வயது அண்ணன் இதைவிட முரட்டுத்தனமாக ஆடுகிறானே, அவனுக்கு ஏன் இல்லை? இவற்றுக்கெல்லாம் விடை, இன்னொரு கேள்விக்குள் இருக்கிறது. பிள்ளையின் கால் நீள்கிறது என்கிறோம்; எலும்பின் எந்த இடத்தில் அது நீள்கிறது?

யாரைக் கேட்டாலும் எலும்பு முழுவதும் ஒரே சீராக நீளும் என்றுதான் சொல்வார்கள். பார்வைக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் நெசவு தெரிந்தவர்களுக்குத் தறியே இதற்கு வேறு விடை சொல்லும். குழித்தறியில் சேலை எங்கே வளர்கிறது? நாடா ஊடையை இழுத்துச் சென்றதும் பலகை வந்து அடிக்கிறதே, அந்த ஒரு கோட்டில் மட்டும்தான். அடித்து முடித்த பகுதி நெசவாளியின் மடிப்பக்கம் உள்ள உருளையில் சுற்றிக்கொள்ளும். அது இனி ஒரு நூல் அளவும் நீளாது. நெய்து முடித்த பகுதியில் ஒரு சாண் இடைவெளி விட்டு இரண்டு புள்ளி வையுங்கள். சேலை முழுவதும் நெய்து அறுத்து எடுக்கும் நாளிலும் அந்தப் புள்ளிகளுக்கு நடுவே ஒரு சாண்தான் இருக்கும்.

ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் இதே இரண்டு புள்ளிச் சோதனையைக் கோழிக்குஞ்சின் காலில் செய்தார். 1727-இல் வெளியான தம் நூலில் அதை விவரித்திருக்கிறார். பாதி வளர்ந்த குஞ்சு. கால் எலும்பின் நீளம் இரண்டு அங்குலம். அதன் நடுப்பகுதியில் அரை அங்குல இடைவெளியில் கூரிய இரும்பால் இரண்டு சிறு துளை இட்டார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது எலும்பு இன்னும் ஓர் அங்குலம் நீண்டிருந்தது. துளைகளுக்கு இடையே மட்டும் அதே அரை அங்குலம். ஆக, நடு எலும்பு நீளவே இல்லை. வளர்ந்ததெல்லாம் முனையில், அதிலும் பெரும்பகுதி மேல்முனையில். ஓர் இரும்பு ஊசியும் இரண்டு மாதப் பொறுமையும் மட்டுமே செலவு. மருத்துவ வரலாற்றில் இவ்வளவு எளிய கருவியால் இவ்வளவு பெரிய உண்மை வெளிப்பட்ட சந்தர்ப்பங்கள் அதிகமில்லை.

அடுத்த சாட்சி சாயத்திலிருந்து வந்தது. ஆரணிக்காரர்கள் இதைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். லண்டனில் ஜான் பெல்ச்சியர் என்ற அறுவை மருத்துவர், துணிக்குச் சாயம் அச்சிடும் ஒருவர் வீட்டில் விருந்துக்குப் போயிருந்தார். பரிமாறிய பன்றி இறைச்சியில் எலும்பு மட்டும் சிவப்பாக இருந்தது. விசாரித்தால், மஞ்சிட்டி வேரால் சாயமேற்றிய துணிகளைச் சுத்தம் செய்யத் தவிட்டைப் பயன்படுத்துவார்களாம். மிஞ்சிய தவிடு பன்றிகளுக்குத் தீனியாகப் போகுமாம். பெல்ச்சியர் அதோடு விடவில்லை. மஞ்சிட்டியைத் தீனியில் கலந்து ஒரு சேவலுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதன் எலும்பும் சிவந்தது. 1736-இல் இதை அறிவியல் உலகுக்கு அறிவித்தார்.

சதை சிவக்காமல் எலும்பு மட்டும் ஏன் சிவக்க வேண்டும்? சாயம் காய்ச்சுகிறவர்களுக்குப் படிகாரம் எதற்கு என்று தெரியும். மஞ்சிட்டியிலும், ஒரு காலத்தில் சோழமண்டலக் கரைத் துணிகளுக்குச் சிவப்புக் கொடுத்த நம் சாயவேரிலும் இருப்பது அலிசரின் என்ற நிறமி. உலோகத்தைக் கண்டால் பற்றிக்கொள்வது அதன் குணம். படிகாரத்தில் உள்ள அலுமினியம் நூலுக்கும் நிறமிக்கும் நடுவே நின்று இரண்டையும் பிணைக்கிறது. எலும்பில் அந்த வேலையைக் கால்சியம் செய்துவிடுகிறது. அதிலும் அப்போதுதான் படிந்துகொண்டிருக்கும் புது எலும்பே சாயத்தை நன்றாக ஏற்கும். பழைய எலும்பு அவ்வளவாக ஏற்காது. பிரான்சில் துஹாமெல் து மோன்சோ 1739 முதல் சில ஆண்டுகள் இதை வைத்து மேலும் சோதித்தார். சில வாரம் மஞ்சிட்டித் தீனி, பிறகு சில வாரம் வெறும் தீனி, மறுபடியும் மஞ்சிட்டி. எலும்பை அறுத்துப் பார்த்தபோது சிவப்பும் வெள்ளையுமாக அடுக்குகள் மாறி மாறி இருந்தன. எந்த வாரம் எந்த இடத்தில் எலும்பு படிந்தது என்பதை விலங்கின் உடம்பே எழுதி வைத்திருந்தது. பின்னர் ஜான் ஹன்டர் பன்றிகளின் கால் எலும்பில் ஈயக் குண்டுகளைப் பதித்து, மஞ்சிட்டியும் கொடுத்து, ஹேல்ஸ் சொன்னதையே உறுதி செய்தார். இன்றும் எலும்பு நோய் மருத்துவர்கள் இதே உத்தியைக் கையாளுகிறார்கள். மஞ்சிட்டிக்குப் பதில் டெட்ராசைக்ளின் மருந்து. சில நாள் இடைவெளியில் இரண்டு தவணை கொடுத்து, சிறு எலும்புத் துணுக்கை எடுத்துப் புற ஊதா ஒளியில் பார்த்தால் இரண்டு ஒளிக்கோடுகள் தெரியும். கோடுகளுக்கு இடையே உள்ள தூரத்தை வைத்து எலும்பு படியும் வேகத்தைக் கணக்கிடுவார்கள்.

எலும்பின் முனையருகே நீளவாட்ட வளர்ச்சி நடக்கும் அந்த மெல்லிய இடத்தை வளர்தட்டு என்று சொல்வோம். அது குருத்தெலும்பால் ஆனது. அதற்குள் செல்கள் நெடுவரிசைகளாக நிற்கின்றன. ஒரு பக்கத்தில் செல்கள் பிரிந்து பெருகுகின்றன. நடுவில் அவை பருத்து வீங்குகின்றன. மறுபக்கத்தில் கால்சியம் படிந்து, அந்த இடம் கெட்டி எலும்பாக மாறுகிறது. வளர்ச்சி முடியும்போது தட்டு முழுவதும் எலும்பாகி மூடிக்கொள்ளும். முட்டியைப் பொறுத்தவரை பெண்பிள்ளைகளுக்குச் சுமார் 14, 15 வயதிலும் ஆண்பிள்ளைகளுக்கு 16, 17 வயதிலும் இது நடக்கும். அதன்பின் எந்த மாத்திரையும் எந்தப் பானமும் உயரத்தைக் கூட்டாது. உயரம் கூட்டித் தருவதாக விற்பவற்றுக்குக் காசு கொடுக்கும் முன் பெற்றோர் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

எக்ஸ்ரே படத்தில் வளர்தட்டு எப்படித் தெரியும் என்பதைத் தெரிந்துகொண்டால் ஒரு வீண் பயம் குறையும். கதிரைத் தடுத்து வெள்ளையாகத் தெரிவது கால்சியம். குருத்தெலும்பில் அது போதுமான அளவு இல்லாததால் தட்டு இருக்கும் இடம் கருப்புக் கோடாகத் தெரியும். "எலும்பு ரெண்டா பிளந்திருக்கே" என்று படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பதறும் பெற்றோர் உண்டு. அந்தக் கோடு இல்லாமல் மூடியிருந்தால்தான் வளரும் பிள்ளைக்குக் கவலை. சந்தேகம் வந்தால் மருத்துவர்கள் வலி இல்லாத மறுகாலையும் படம் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதும் இதனால்தான்.

இப்போது முட்டிக்கு வருவோம். காலின் நீளவாட்ட வளர்ச்சியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முட்டியைச் சுற்றித்தான் நடக்கிறது. தொடை எலும்பின் கீழ்முனையில் ஆண்டுக்குச் சுமார் 9 மில்லிமீட்டர், கீழ்க்கால் எலும்பின் மேல்முனையில் சுமார் 6 மில்லிமீட்டர். இடுப்புப் பக்கத்திலும் கணுக்கால் பக்கத்திலும் இதைவிடக் குறைவு. பிள்ளையின் காலில் மிக மும்முரமாக வேலை நடக்கும் இடம் எதுவோ, ஓட்டமும் தாவலும் உட்கார்ந்து எழுவதும் மிக அதிகமாகச் சுமையேற்றும் இடமும் அதுதான்.

இந்த வேலை எல்லா வயதிலும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. அதை முதலில் பதிவு செய்தவர் ஒரு தகப்பனார். பிரான்சில் கேனோ து மோன்பெயார் என்ற பிரபு 1759-இல் பிறந்த தம் மகனின் உயரத்தை, ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பதினெட்டு ஆண்டுகள் விடாமல் அளந்து வந்தார். இயற்கை ஆய்வாளர் பூஃபோன் அந்தக் கணக்கைத் தம் நூலில் வெளியிட்டார். ஒரே பிள்ளையைப் பிறப்பிலிருந்து வாலிபம்வரை அளந்த பதிவுகளில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையது அதுதான். குழந்தைப் பருவத்தில் குறைந்துகொண்டே வந்த வளர்ச்சி வேகம், பதின்மூன்று வயதுக்கு மேல் திடீரென்று எகிறி, பிறகு தணிந்து அடங்குவதை அந்த எண்களில் பார்க்கலாம். இன்று எல்லா நாட்டுப் பிள்ளைகளிடமும் இதே வடிவத்தைக் காண்கிறோம். சாதாரணமாக ஆண்டுக்கு 5, 6 சென்டிமீட்டர் வளரும் பிள்ளை, இந்தத் தாவலின்போது 8 முதல் 10 சென்டிமீட்டர்கூட வளரும். பெண்பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் 11, 12 வயதில். ஆண்பிள்ளைகளுக்கு 13, 14 வயதில். முதலில் பாதம் நீளும், அடுத்து கால், கடைசியில் முதுகு. ஜூனில் வாங்கிய பள்ளிச் செருப்பு தீபாவளிக்குள் பத்தாமல் போனால், வளர்ச்சித் தாவல் வாசலுக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

இனி அந்த மேடு. தொடையின் முன்புறத் தசை உடம்பின் மிக வலுவான தசைகளில் ஒன்று. அது கீழே இறங்கி, முட்டிச் சில்லைத் தன்னுள் வைத்துக்கொண்டு, ஒரு கெட்டியான நாராகக் குறுகி, கீழ்க்கால் எலும்பின் முன்புறத்தில் ஒரு சிறு இடத்தில் போய்ப் பற்றுகிறது. காலை நீட்டுவதற்கும், குதித்து இறங்கும்போது முட்டி மடிந்து விழாமல் தாங்குவதற்கும் இந்த இழுப்புதான் காரணம். குதித்து இறங்கும் கணத்தில் அந்த நாரில் உடல் எடையைவிடப் பல மடங்கு விசை ஓடும். பெரியவர்களுக்கு அந்தப் பற்றிடம் கெட்டி எலும்பு. வளரும் பிள்ளைக்கு அங்கே இன்னும் மூடாத ஒரு வளர்தட்டு இருக்கிறது. இந்தத் தட்டுக்கு ஒரு விசேஷமும் உண்டு. சிறுவயதில் அது இழுப்பைத் தாங்கும் நார்மிகு குருத்தெலும்பாக இருக்கும். வளர்ச்சித் தாவல் நெருங்கும் வயதில் அதன் இடத்தை, அமுக்கத்தைத் தாங்கினாலும் இழுப்பைத் தாங்குவதில் அவ்வளவு வலுவில்லாத நெடுவரிசைக் குருத்தெலும்பு பிடிக்கிறது. அதே வயதில் பிள்ளையின் எடையும் தசை வலுவும் கூடுகின்றன. பள்ளி அணியில் இடமும் கிடைக்கிறது. தினமும் நூற்றுக்கணக்கான தாவல். பற்றிடத்தில் நுண்ணிய விரிசல்கள் ஏற்படுகின்றன. உடம்பு அவற்றை மூடப் புது எலும்பைக் கொண்டுவந்து போடுகிறது. ஆற அவகாசம் கிடைக்கும் முன் அடுத்த நாள் ஆட்டம். கையில் தட்டுப்படும் மேடு, இந்த இழுபறியில் குவிந்த புது எலும்பும் அதைச் சுற்றிய வீக்கமும்தான்.

பத்து வயதில் ஏன் வரவில்லை, அண்ணனுக்கு ஏன் இல்லை என்ற கேள்விகளுக்கு இப்போது விடை கிடைத்துவிட்டது. பத்து வயதில் இவனுடைய பற்றிடம் இழுப்புக்கு ஏற்ற குருத்தெலும்பாக இருந்தது; அண்ணனுடையது எலும்பாகிவிட்டது. இடையில் மாட்டிக்கொண்டவன் இவன்.

1895-இல் ரான்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டறிந்த பிறகு உயிருள்ள பிள்ளையின் எலும்புக்குள் பார்க்க முடிந்தது. 1903-இல் பாஸ்டனில் ராபர்ட் ஆஸ்குட், சூரிச்சில் கார்ல் ஷ்லாட்டர் என இருவர், தனித்தனியாக இந்த நிலையை விவரித்தார்கள். மருத்துவர் சீட்டில் "ஆஸ்குட் ஷ்லாட்டர்" என்று எழுதினால் பெயரைப் பார்த்து அஞ்ச வேண்டாம். குதிகால் எலும்பிலும் இதேபோல் ஒரு பற்றிடம் உண்டு; இன்னும் சற்று இளைய பிள்ளைகளுக்கு அங்கே வரும் வலியை 1912-இல் ஜேம்ஸ் செவர் விவரித்தார். பின்லாந்தில் வளரிளம் பருவத்தினரிடம் நடத்திய ஓர் ஆய்வு 1985-இல் வெளியானது. விளையாட்டில் தீவிரமாக இருந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்த முட்டி வலி இருந்தது. விளையாடாதவர்களில் இருபதில் ஒருவருக்குத்தான். விளையாட்டு காரணம் என்பதற்கு அது சாட்சி. எவ்வளவு பரவலானது என்பதற்கும் அதே சாட்சி.

அப்படியானால் ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். நிறுத்தினால் வலி குறையும், உண்மைதான். ஆனால் அந்தப் பிள்ளை என்ன இழக்கிறான் என்பதையும் பார்க்க வேண்டும். கனடாவின் சஸ்காச்செவன் பகுதியில் 1991-இல் தொடங்கிய ஆய்வு ஒன்றில், பள்ளிப் பிள்ளைகளின் எலும்பில் சேரும் தாது அளவை ஆண்டுதோறும் அளந்தார்கள். வாழ்நாளில் சேரும் எலும்புத் தாதுவில் ஏறத்தாழ கால் பங்கு, வளர்ச்சித் தாவலை ஒட்டிய இரண்டே ஆண்டுகளில் சேர்ந்துவிடுகிறது என்று தெரிந்தது. உயரம் உச்ச வேகத்தில் கூடிய பிறகு, தாது உச்ச வேகத்தில் சேர இன்னும் எட்டு மாதம்போல் ஆகிறது. அந்த இடைவெளியில் எலும்பு நீண்டிருக்கும், ஆனால் முழுக்க நிறைந்திருக்காது. இந்த வயதில் கீழே கை ஊன்றி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொள்ளும் பிள்ளைகள் அதிகமாக இருப்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

எலும்பில் தாது சேர உணவு வேண்டும், வெயில் வேண்டும். அதோடு சுமையும் வேண்டும். பின்லாந்தில் டென்னிஸ், ஸ்குவாஷ் ஆடும் பெண்களின் இரண்டு கைகளையும் ஒப்பிட்டு 1995-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அழகான உத்தி அது: ஒரே ஆள், ஒரே சாப்பாடு, ஒரே பரம்பரை, ஒரு கை மட்டும் மட்டை பிடித்தது. மட்டை பிடித்த கையின் எலும்பில் தாது கூடுதலாக இருந்தது. பூப்பெய்துவதற்கு முன்போ அந்தச் சமயத்திலோ ஆடத் தொடங்கியவர்களிடம் அந்த வித்தியாசம், பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்துத் தொடங்கியவர்களிடம் இருந்ததைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம்.

நம் ஊரில் பெண்பிள்ளைகளுக்கு நடப்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏழாவது வரை கோகோவில் பள்ளியையே தூக்கி நிறுத்திய பெண், வயதுக்கு வந்ததும் ஆட்டத்திலிருந்து நிறுத்தப்படுகிறாள். எலும்பில் தாது உச்ச வேகத்தில் சேரும் காலம் ஏறத்தாழ அதேதான். முட்டி வலி என்று அவள் வாய் திறந்தால், நிறுத்துவதற்கு அது இன்னொரு காரணமாகிவிடுகிறது. அதனால் அவள் வாய் திறப்பதே இல்லை. ஐம்பது, அறுபது வயதில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுக்கும் பெண்களை ஒவ்வொரு தெருவிலும் பார்த்திருக்கிறோம். பெண்பிள்ளையை மைதானத்திலிருந்து வீட்டுக்கு அழைத்துக்கொள்வதை நான் ஓர் உடல்நலத் தீங்காகவே பார்க்கிறேன்.

வலியோடு எப்படி ஆடவிடுவது? முழு நிறுத்தமும் வேண்டாம், பல்லைக் கடித்துக்கொண்டு ஆடுவதும் வேண்டாம். டென்மார்க்கில் 10 முதல் 14 வயதுள்ள 51 பிள்ளைகளைக் கொண்டு நடத்திய ஆய்வு 2020-இல் வெளியானது. முதலில் சில வாரம் குதிப்பதையும் வேகமாக ஓடுவதையும் குறைத்தார்கள். அதே சமயம் வலி தாங்கும் அளவுக்குத் தொடைத் தசைக்கான எளிய பயிற்சிகளைத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினார்கள். பன்னிரண்டு வாரத்தில் ஐந்தில் நான்கு பிள்ளைகள் நன்றாகக் குணம் தெரிவதாகச் சொன்னார்கள். ஓராண்டில் பத்தில் ஒன்பது பேர். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத ஆய்வு என்பதால், தானாகவே சரியாகியிருக்கக்கூடிய பங்கு எவ்வளவு என்று அதில் பிரிக்க முடியாது. இன்னொரு கணக்கும் அதில் இருக்கிறது. பன்னிரண்டு வாரத்தில் பழையபடி முழு ஆட்டத்துக்குத் திரும்பியவர்கள் ஆறில் ஒருவர்தான். ஓராண்டு முடிவிலும் மூன்றில் ஒரு பங்கினர் முழுமையாகத் திரும்பியிருக்கவில்லை. ஆகவே அடுத்த மாதப் போட்டிக்குள் சரியாகிவிடும் என்று யாரும் பிள்ளைக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. ஆட்டம் முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸை அந்த மேட்டில் பத்து நிமிடம் வைக்கலாம். மண்டியிடுவதைத் தவிர்க்கலாம். ஆடும்போது லேசாக வலித்து, மறுநாள் காலைக்குள் அடங்கினால் அந்த அளவு ஆட்டம் சரி. மறுநாளும் நொண்டினால் அளவு மிஞ்சிவிட்டது. மேட்டைப் போட்டு அழுத்தி நீவுவதால் இழுபட்ட இடம் இன்னும் எரிச்சலடையும். கால்சியம் மாத்திரை இந்த வலியைத் தீர்க்காது. ஆனால் எலும்புக்குக் கால்சியம் தேவை, அதற்குக் கேழ்வரகுக் கூழும் பாலும் மோரும் நம் வீட்டிலேயே இருக்கின்றன. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர்தட்டு மூடும்போது வலி போய்விடும். மேடு மட்டும் சிலருக்கு வாழ்நாள் முழுவதும் இருக்கும். அதனால் கெடுதல் இல்லை. பி.டி. ஆசிரியரிடம் விஷயத்தைச் சொல்லிவைப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். காலை அத்லெட்டிக்ஸ், மாலை கபடி, ஞாயிற்றுக்கிழமை தெரு அணி என்று மூன்று இடத்தில் ஆடும் பையனின் மொத்தச் சுமை எவ்வளவு என்று மூன்று இடத்திலும் யாருக்கும் தெரிவதில்லை.

பக்கத்து வீட்டு அக்கா சொன்ன பயத்துக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். வளரும் வயதில் வரும் ஒருவகை எலும்புப் புற்றுநோய் முட்டியைச் சுற்றித்தான் அதிகம் வருகிறது. செல்கள் மும்முரமாகப் பெருகும் இடம் அது என்பதால் இதில் வியப்பில்லை. ஆனால் அது மிக அரிது. பத்து லட்சம் பேரில் ஆண்டுக்குச் சிலருக்கே வரும். வலி எப்போது வருகிறது என்பதை வைத்தே பெரும்பாலும் வித்தியாசம் தெரிந்துவிடும். பற்றிட வலி ஆட்டத்தோடு வரும், ஓய்வில் தணியும். ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் இருக்கும். ஆட்டமே இல்லாத நாளிலும் வலித்தால், தூக்கத்திலிருந்து எழுப்பினால், வாரத்துக்கு வாரம் வீக்கம் பெருகினால், காய்ச்சலோ உடல் மெலிவோ சேர்ந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்த்து எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஆரணி அரசு மருத்துவமனை இருக்கிறது. மேற்கொண்டு பார்க்க அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு இரவில் இரண்டு கெண்டைக்காலும் வலிக்கும்; காலையில் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுவார்கள். அது வேறு, அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஒரே காலில், ஒரே இடத்தில், இரவுதோறும் வந்தால்தான் கவலை.

குதித்த கணத்தில் "டக்" என்று ஏதோ அறுந்ததுபோல் உணர்ந்து, காலை நீட்ட முடியாமல் போனால் பற்றிடமே எலும்போடு பெயர்ந்திருக்கலாம். அது அன்றைக்கே பார்க்க வேண்டியது. அடிபட்டு வீங்கிய கையோ காலோ எதுவானாலும், கட்டுப் போடப் போவதற்கு முன் ஓர் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். முறிவு வளர்தட்டின் ஊடே போயிருந்து சரியாகப் பொருந்தாமல் ஆறினால், அந்த எலும்பு வளைந்தோ குட்டையாகவோ வளரக்கூடும்.

கடைசியாக, தவறவிடக்கூடாத ஒன்று உண்டு. இடுப்பில் தொடை எலும்பின் தலைப்பகுதி, தன் வளர்தட்டில் வழுக்கி நகர்ந்துவிடும் ஒரு நிலை 10 முதல் 16 வயதுக்குள், அதிலும் எடை கூடுதலான பிள்ளைகளுக்கு வருவதுண்டு. இடுப்புக்கும் முட்டிக்கும் போகும் நரம்பு ஒன்றே என்பதால், கோளாறு இடுப்பில் இருக்கப் பிள்ளை முட்டியைத் தொட்டுக் காட்டுவான். முட்டியை எத்தனை முறை படம் எடுத்தாலும் குறை தெரியாது. நாள் கடந்தால் நிரந்தர ஊனம்வரை போகலாம். நொண்டுகிறான், நடக்கும்போது பாதம் வெளிப்பக்கம் திரும்புகிறது, முட்டியில் தொட்டால் வலிக்கும் இடமோ மேடோ இல்லை என்றால், அவனை மேற்கொண்டு நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். மருத்துவரிடம் முட்டியைக் காட்டும்போதே, "இடுப்பையும் ஒருமுறை பார்த்துடுங்க டாக்டர்" என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.